டாங்க் என்னும் சொல்

ஒரு சொல்லை நான் தவறாக மொழிபெயர்த்ததனால் ஓர் ஊர் இரண்டு கோடைகள் குடிதண்ணீருக்கு அலைந்தது. நேயர்களே, இன்று அந்தச் சொல்லின் வரலாற்றைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். முதலில் என் பிழையைச் சொல்லிவிடுவதே முறை.

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள். அதற்கு நாலைந்து ஆண்டுகள் சென்றபின், வெள்ளாற்றுக்குத் தெற்கே திருமயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். அவ்வூரார் குடிப்பதற்கு நம்பியிருந்தது ஓர் ஊருணி. பக்கத்துச் சாலையை உயர்த்தியபோது, அதற்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் மண்மூடிப் போயிற்று. ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்தும் ஊருணி பாதிகூட நிரம்பவில்லை. வரத்துக்காலைத் தோண்டித் தரவேண்டும் என்று மனு எழுத ஊரார் கோயில் மரத்தடியில் கூடினார்கள். மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்ற எண்ணம் அன்றைக்கு எல்லோருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஊருணிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்? அகராதி 'டாங்க்' என்றது. கண்மாய்க்கும் அதுவே, குளத்துக்கும் அதுவே. வயலுக்குப் பாயும் கண்மாய் என்று எவரும் நினைத்துவிடக் கூடாதே என்று எண்ணி, என் கெட்டிக்காரத்தனத்தில் 'குடிநீர்' என்பதற்குரிய ஆங்கிலச் சொற்களையும் அதன் முன்னே சேர்த்துக் 'குடிநீர் டாங்க்' என்று பொருள்படும்படி எழுதி அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துத் தமிழில் விடை வந்தது. அந்த ஊரில் குடிநீர்த் தொட்டி எதுவும் கட்டப்பட்டதாகப் பதிவு இல்லை, ஆகவே அதைச் சீர்செய்ய வேண்டும் என்ற கோரிக்கை ஏற்பதற்கில்லை என்று அதில் கண்டிருந்தது. எழுதியவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. நான் எழுதிய ஆங்கிலத்துக்கு அதுதான் நேரான தமிழ்.

கடிதத்தைப் படித்துக் காட்டியபோது ஊர்ப் பெரியவர் ஒருவர், அவரை நாங்கள் எல்லோரும் பெரியப்பா என்றே அழைப்போம், என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "ஏன் தம்பி, நாம ஊருணியைத்தானே கேட்டோம்? தொட்டியை யார் கேட்டது?" என்றார். நான் விடை சொல்லவில்லை.

அன்று முதல் இந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் நின்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

'டாங்க்' ஆங்கிலேயர் வீட்டில் பிறந்த சொல் அன்று. இந்தியாவுக்கு வந்த போர்த்துக்கீசியர் 'டாங்கே' என்று ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். நீரைத் தேக்கி நிறுத்துவது என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து அது பிறந்ததென்பர். மேற்குக் கரையிலோ குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு 'டாங்கீ', 'டாங்கே' என்பது போன்ற சொற்கள் வழங்கின. இரண்டும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கியவை. எது எதற்குத் தாய் என்று தீர்மானிப்பது எளிதன்று. ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் திரட்டி 1886இல் யூல், பர்னல் என்னும் இருவர் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதியிலேயே இந்த வழக்கு விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. இரு வீட்டாரும் சேர்ந்து வளர்த்த பிள்ளை என்று வைத்துக்கொண்டால் நமக்குப் போதும்.

அந்தப் பிள்ளை கும்பினியாரோடு கீழைக் கரைக்கு வந்தது. நீலகிரியும் பழனி மலையும் நீங்கலாக ஆங்கிலேயர் தென்னாட்டில் எங்கு திரும்பினாலும் கண்டது, மண் கரை போட்டு மறித்த மழைநீர். அவர்கள் ஊரில் ஏரி இயற்கையாக அமைவது. கரை போட்டு நீரை மறித்து ஊர் முழுதும் அதைக்கொண்டு உழுவது அங்கே வழக்கமில்லை. ஆகவே கையிலிருந்த 'டாங்க்' என்ற சொல்லை எல்லாவற்றின் தலையிலும் வைத்தார்கள். செங்கற்பட்டில் ஏரியும் டாங்க், மதுரையில் கண்மாயும் டாங்க், நெல்லையில் குளமும் டாங்க், மயிலாப்பூரில் கோயிலின் முன்னுள்ள தெப்பக்குளமும் டாங்க். இலங்கையில் வன்னிக் குளங்களுக்கும் அதே பெயர் கிடைத்தது.

இதற்கிடையே இச்சொல் போருக்கும் போய்வந்தது. முதல் உலகப் போரில் அகழிகளையும் முள்வேலிகளையும் தாண்டிச் செல்ல இரும்புக் கவசமிட்ட வண்டி ஒன்றை இங்கிலாந்தில் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் இரகசியமாகச் செய்தார்கள். மூடிய பெரிய இரும்புப் பெட்டியைப் பார்ப்பவர்கள் இது என்னவென்று கேட்பார்கள் அல்லவா? பாலைநிலப் போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று சொல்லி வைத்தார்கள். 1915ஆம் ஆண்டின் இறுதியில் இதற்கென்றே 'டாங்க்' என்ற மறைபெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1916 செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சில் சோம் ஆற்றுப் போர்முனையில் அந்த வண்டிகள் முதன்முதலாகப் புறப்பட்டபோது இரகசியம் உடைந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நீரை ஏந்தி நின்ற சொல் நெருப்பைக் கக்கும் வண்டிக்குப் பெயரானது இப்படித்தான். நம் பத்திரிகைகள் அதை 'டாங்கி' என்றன. இலங்கைத் தமிழர் 'தாங்கி' என்று தமிழுக்கு இசைவாக ஆக்கிக்கொண்டனர். எங்கள் மாவட்டத்து அறந்தாங்கிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "நல்லவேளை, எங்கள் ஊர் அறத்தைத் தாங்குகிறது" என்று சிரித்தார். அவ்வூர்ப் பெயருக்கு வேறு விளக்கமும் சொல்வார் உண்டு. அவர் சிரிப்பை ஏன் கெடுக்கவேண்டும் என்று நான் பேசாதிருந்துவிட்டேன்.

இந்த ஒரு சொல் வேற்று நாட்டாரை எப்படித் தொல்லைப்படுத்துகிறது என்று பார்க்கவும் எனக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது. சிந்துவெளி எழுத்தின் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பல்லாண்டு ஆராய்ந்துவரும் அசுக்கோ பார்ப்போலா பின்லாந்து நாட்டறிஞர். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் அவருக்கு விருது வழங்கப்பட்டது. அதனால் எழுந்த ஆவலில் அவர் நாட்டு மொழிக்கான சிறு ஆங்கில அகராதி ஒன்றைத் தேடி வாங்கினேன். வாங்கியதும் நான் புரட்டிப் பார்த்த சொல் எதுவென்று நேயர்கள் ஊகித்திருப்பார்கள். 'டாங்க்' என்பதற்குப் பின்னிய மொழியில் கொள்கலம் என்றால் 'சைலியோ'. மோட்டார் வண்டியின் எண்ணெய்க் கலத்துக்கு நம்மவரைப் போலவே 'டாங்க்கி'. போர் வண்டிக்குக் கவசவண்டி என்று பொருள்படும் 'பான்சரிவவ்னு'. நீர் நிறைந்த பள்ளத்துக்கு 'அல்லஸ்'. ஒரு சொல்லின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்தவற்றைத் தனித்தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நம் கண்மாயை அங்கே காணோம். பின்லாந்தில் 1,87,000க்கு மேற்பட்ட ஏரிகள் உண்டு. பழங்காலத்தில் நிலத்தை மூடியிருந்த பனிப்பாறைகள் குடைந்து விட்டுச்சென்ற பள்ளங்களே அவற்றுள் பெரும்பாலானவை. பெரிதென்றால் 'யார்வி', சிறிதென்றால் 'லம்பி'. மனிதன் தேக்கியது என்றால் 'தெக்கோயார்வி', அதாவது செய்த ஏரி என்று ஒட்டுப்போட்டுச் சொல்கிறார்கள். இயற்கை கொடுத்த நாட்டில் செய்தது என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் புதுக்கோட்டையில் நிலைமை நேர்மாறு. இங்கே மனிதன் செய்யாத நீர்நிலை என்று காட்ட வேண்டுமானால் மலைமேல் ஏறித்தான் காட்டவேண்டும்.

ஏனென்றால் இது வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத சீமை. வடக்கே காவிரி, தெற்கே வைகை. இரண்டும் எங்களை விட்டு ஒதுங்கிச் செல்கின்றன. வெள்ளாறு, பாம்பாறு, அக்கினியாறு என்று பெயருக்கு ஆறுகள் உண்டு. அவற்றில் நீரைக் காண்பது மழைக்காலத்தில்தான். விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே பிடித்து வைக்காவிட்டால் கடலுக்குப் போய்விடும். ஆகையால் ஆயிரக்கணக்கில் கரை போட்டார்கள், பள்ளம் வெட்டினார்கள், வெட்டியதற்கெல்லாம் அதன் அதன் வேலைக்கு ஏற்பப் பெயரும் இட்டார்கள். அன்றியும் வெள்ளாறு சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லை என்று வழங்கிவந்த ஆறு. வடகரை கோனாடு, தென்கரை கானாடு. சோழநாட்டு ஏரியும் பாண்டிநாட்டுக் கண்மாயும் இங்கே பக்கத்துப் பக்கத்திலே நின்று, ஒன்றின் கலிங்கு நீர் மற்றதன் வரத்தாகப் பாய்கிறது.

கண்மாயை முதலில் பார்ப்போம். பேச்சில் கம்மாய் என்பார்கள். புதுக்கோட்டை நகரை ஒட்டியுள்ள கவிநாட்டுக் கண்மாயின் கரைமேல் நின்று பார்த்தவர்களுக்கு அதன் விரிவு தெரியும். கண்மாய் என்றால் வயலுக்குப் பாய்ச்சுவது. அதற்கு வரத்துக்கால் உண்டு, கரை உண்டு, மடை உண்டு, மிஞ்சிய நீர் வழியக் கலிங்கு உண்டு, அதனால் பயன்பெறும் நிலமாகிய ஆயக்கட்டு உண்டு. கலிங்கின்மேல் கல் நட்டு வைத்திருப்பார்கள். வெள்ளம் வரும் காலத்தில் கல்லுக்குக் கல் இடைவெளி திறந்திருக்கும். மழை ஓயும் தறுவாயில் அந்த இடைவெளியில் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து, இன்னும் ஓர் அடி நீரை நிறுத்திக்கொள்வார்கள். எப்போது அடைப்பது என்பதில் மேலூருக்கும் கீழூருக்கும் சண்டை வருவதும் உண்டு. நீர் வற்றியபின் மீன்பாசிக் குத்தகை விடுவார்கள். அந்தப் பணம் ஊர்ப் பொதுவுக்குச் சேரும்.

பழைய கண்மாய்களுக்குள் போய்ப் பார்த்தால் நடு நீரில் இரண்டு கற்றூண்கள் குறுக்குச் சட்டங்களோடு நிற்கும். அறியாதவர் இடிந்த மண்டபம் என்று நினைப்பர். அதுதான் குமிழி. தூண்களின் இடையே அடியிலுள்ள கல்தொட்டியின் துளையை அடைத்துக்கொண்டு ஓர் அடைப்பு இருக்கும். நீந்திச் சென்று அதைத் தூக்கினால் நீர் நிலத்தடிக் கால்வாயில் குமிழியிட்டு இறங்கிக் கரைக்கு அப்பால் வெளிப்படும். மேல்துளையில் தெளிந்த நீர் போக, கீழ்த்துளையில் சேறும் வண்டலும் சேர்ந்து போகும். வயலுக்கு எருவும் ஆயிற்று, கண்மாய்க்குத் தூர்வாருதலும் ஆயிற்று. அந்தத் தூண்களிலே, இன்னார் இந்தக் குமிழியைச் செய்தளித்தார் என்று பொறித்த எழுத்துக்களை இம்மாவட்டத்தில் பல இடங்களில் காணலாம். கோயிலில் பெயர் பொறித்தால் நாள்தோறும் நாலு பேர் படிப்பார்கள். இவர்களோ தண்ணீருக்குள் பொறித்தார்கள். கோடையில் கண்மாய் வற்றினால்தான் அந்தப் பெயர் வெளியே தெரியும்!

ஏந்தல் என்பது வேறு. பேராற்றையோ பெரிய வரத்தையோ நம்பாமல், தன்மேல் சரிந்து வரும் மழைநீரைக் கையேந்தி வாங்குவதுபோல் வாங்கிக்கொள்ளும் சிறு தேக்கம். எங்கள் பக்கத்திலும் சிவகங்கை, இராமநாதபுரப் பக்கத்திலும் ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் ஏராளம். வடமாவட்டங்களில் இதற்கு இணையானதைத் தாங்கல் என்பார்கள். ஏந்துவதும் தாங்குவதும் ஒரே தொழிலின் இரண்டு கைகள்.

சுனையோ பாறையில் தானே அமைந்தது. சித்தன்னவாசல் மலையில் நாவல் மரத்தால் பெயர்பெற்ற நவச்சுனையும், நார்த்தாமலையில் தலையருவிச் சுனையும் அறிஞர் பலரும் கண்டு எழுதியவை. தலையருவிச் சுனையின் நீருக்குள் சிவலிங்கத்தோடு ஒரு குகைக்கோயில் முழுகியிருக்கிறது. 1857இல் இராமச்சந்திர தொண்டைமானின் மூத்த அரசியார் அந்த நீரை இறைக்கச் செய்து இலிங்கத்தை வழிபட்டதாக அங்கே கல்லில் எழுதியிருக்கிறது. சமஸ்தான காலத்தில் ஆங்கிலத்தில் நூல் எழுதிய நம் அறிஞர்கள் இந்தச் சுனையை 'டாங்க்' என்று எழுதத் துணியவில்லை. 'டார்ன்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்து இட்டார்கள். வட இங்கிலாந்தில் மலைமீதுள்ள சிறு நீர்நிலைக்கு வழங்கும் சொல் அது. வட கடலோடிகளின் மொழியிலிருந்து அங்கே வந்தது. அந்த ஒரு சொல்லைக் கண்டபோது அவர்கள்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. எனக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே!

இனி ஊருணிக்கு வருவோம். ஊர் உண்ணும் நீர் ஆதலின் ஊருணி. வள்ளுவர் ஒப்புரவாளனது செல்வத்துக்கு உவமை தேடியபோது ஆற்றையோ கடலையோ சொல்லாமல் ஊருணியைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஊருணிக்கென்று எழுதாச் சட்டம் உண்டு. அதில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, செருப்போடு கரையேறக் கூடாது. சுற்றிலும் முள்வேலி இட்டு, குடத்தோடு ஓர் ஆள் போய்வர மட்டும் வழி விட்டிருப்பார்கள். குளிப்பதற்கு வேறு குளம், மாட்டுக்கு வேறு குட்டை. ஊருணி நீர் கலங்கலாகத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்து வைத்தால் ஒரு நாழிகையில் தெளிந்து, இளநீர்போல் இருக்கும். சிறுவர்கள் தவறிக் கால் வைத்துவிட்டாலும் கரையிலிருந்து ஒரு பாட்டியின் குரல் வரும். இவ்வளவும் 'ஊருணி' என்று சொன்ன மாத்திரத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். 'டாங்க்' என்றால் இவற்றுள் ஒன்றும் தெரியாது.

பழைய கல்வெட்டுகளும் இந்த வேறுபாடுகளில் கண்ணாயிருந்தவை. இராசாளிப்பட்டியில் தந்திவர்ம பல்லவனது ஆட்சிக்காலத்துக் கல்வெட்டு ஒன்று வாலி ஏரி என்ற ஏரி வெட்டப்பட்டதைச் சொல்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னைய செய்தி அது. ஏரியைப் பேணுவதற்கென்று விட்ட நிலம் ஏரிப்பட்டி; குளத்துக்கென்று விட்டது குளப்பட்டி. நீர் நிற்கும் உட்பரப்பு உள்வாய். தொண்டைநாட்டு உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் முதற் பராந்தகன் காலத்தில் பொறித்த கல்வெட்டுகள் ஏரிக்கென்றே ஒரு வாரியத்தைக் குறிப்பிடுவதைப் பலரும் அறிவர். அங்கே வாரியம் வைத்துச் செய்ததை எங்கள் பக்கத்தில் ஊரும் நாடும் செய்தன.

புதுக்கோட்டை சமஸ்தானத்தார் தங்கள் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளைத் திரட்டி 1929இல் மூல வடிவில் அச்சிட்டார்கள். பின்னர் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும் பணி நடந்தது; 1940களில் அந்த மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. இவ்வளவு சிறிய சமஸ்தானம் இவ்வளவு பெரிய பணியைச் செய்தது நாம் பெருமைப்பட வேண்டியதே. மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து நான் பல மாலைகள் படித்திருக்கிறேன். மூலத்தில் ஏரி, குளம், குளக்கீழ், உள்வாய் என்று நாலு கண் கொண்டு பார்த்த இடம், ஆங்கிலத்தில் ஒற்றைக் கண் கொண்டு பார்க்கிறது. மொழிபெயர்த்தவர் என்ன செய்வார்? மொழியில் இல்லாத கண்ணை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? அவர்களாவது மூலத்தை அழியாமல் அச்சிட்டு வைத்துவிட்டுப் பெயர்த்தார்கள். நானோ மனுவின் மூலத்தை எழுதவே இல்லை.

ஆட்சியாளர் கண்ணுக்கு நீர்நிலைகளுள் ஆயக்கட்டு உள்ளதே பெரிதாகப் படும். அதிலிருந்துதான் வரி வருகிறது. சென்னை மாகாணத்தில் குடிமராமத்தை ஒரு சட்டத்தால் கட்டாயப்படுத்த முயன்றது 1858இல். நீர்நிலைகளைச் சீரமைக்கத் தனித் திட்டம் வகுத்தது 1883இல். இரண்டுக்கும் பொருளாக இருந்தவை முதன்மையாகப் பாசன நீர்நிலைகளே. குடிநீர்க் குளத்திலும் கருத்துச் செலுத்தியவர் என்று எங்கள் ஊரில் நினைவுகூரப்படுபவர் திவான் சேஷையா சாஸ்திரியார். 1878இல் புதுக்கோட்டைக்கு வந்த அவர், நகரத்துக் குளங்களைத் தூரெடுத்துச் சீர்படுத்தினார். பல்லவன் குளமும் புதுக்குளமும் இன்றும் அவர் பேரைச் சொல்லும். ஆனால் நகரத்துக் குளத்துக்குத் திவான் உண்டு. பட்டிக்காட்டு ஊருணிக்கு யார் உண்டு? ஆயக்கட்டு இல்லாத அந்தச் சிறு பள்ளத்துக்கு இருந்த ஒரே காப்பு அதன் பெயர்தான். அந்தப் பெயரைத்தான் நான் என் கையாலேயே எடுத்துவிட்டேன்.

கடிதம் வந்த ஆண்டுக் கோடை கடுமையாக இருந்தது. பெண்கள் ஒன்றரை மைல் நடந்து அடுத்த ஊர் ஊருணிக்குப் போனார்கள். அவ்வூரார் முதலில் மறுக்கவில்லை. சித்திரை பிறந்ததும் குடத்தை எண்ணத் தொடங்கினார்கள். வைகாசியில் வீட்டுக்கு ஒரு குடம் என்று கட்டுப்பாடு செய்தார்கள். அவர்களுடைய ஊருணியும் வற்றிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறைகூற முடியாது. ஒரு நாள் வகுப்பில் பிற்பகலில் பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை. விசாரித்தபோது தண்ணீருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அன்று நான் பாடம் நடத்தவில்லை.

பெரியப்பாதான் வழி சொன்னார். "தம்பி, கணக்குப்பிள்ளை வீட்டிலே பழைய கணக்கு இருக்கும். அதிலே நம்ம ஊருணி என்ன பேரிலே இருக்குன்னு பாருங்க" என்றார். சென்று கேட்டேன். கிராமக் கணக்கில் புல எண்ணுக்கு எதிரே, பழுப்பேறிய தாளில், கறுப்பு மையில், தெளிவாக 'ஊருணி' என்றே எழுதியிருந்தது. ஆங்கிலம் அறிந்த நான் மறந்ததை ஆங்கிலம் அறியாத எவரோ ஒரு கணக்கர் மறக்காமல் எழுதி வைத்திருந்தார். புல எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொண்டு அன்றிரவே மறுமனு எழுதினேன். இம்முறை தமிழில். ஆங்கிலப் படியும் வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியதால் அதையும் இணைத்தேன். அதில் ஊருணி என்பதை மொழிபெயர்க்காமல் ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி, அது யாது என்று நாலு வரியில் விளக்கம் கொடுத்தேன்.

மறுமனுவுக்கு விடை வர மற்றொரு கோடையும் கழிந்தது. வந்த உறையைப் பிரித்தபோது பொருள் என்ற இடத்தில் 'ஊருணி வரத்துக்கால்' என்று தட்டச்சு செய்திருந்தது. அதைப் படித்ததும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். ஆவணியில் மண்ணை வெட்டினார்கள். சாலைக்கு அடியில் குழாய் ஒன்று போட்டார்கள். ஐப்பசி மழையில் செந்நீர் சுழித்துக்கொண்டு ஊருணிக்குள் இறங்கியது. ஊரே கரையில் நின்றது. பெரியப்பா மட்டும் இறங்கிக் கையில் அள்ளிக் குடித்துவிட்டு, "இன்னும் பத்து நாள் தெளியணும்" என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பின் அவ்வூருக்கு மெய்யாகவே குடிநீர்த் தொட்டி வந்தது. ஊருணிக் கரையை அடுத்தே நாலு கால் நாட்டிச் சிமெண்டில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஊரார் அதை டாங்கி என்கிறார்கள். சென்ற ஆண்டு நான் போயிருந்தபோது மின்தடையால் டாங்கியில் நீர் ஏறவில்லை. பெண்கள் இருவர் குடத்தோடு பக்கத்து வேலி வழியாக ஊருணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கரையருகே ஒரு சிறுவன் செருப்போடு நின்றான். அவர்களுள் மூத்தவள் திரும்பிப் பார்த்து ஓர் அதட்டல் போட்டாள். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.